ரிப்போ குறைந்தும் அரசு பாண்டு யீல்டு ஏன் ஏறுகிறது?

#1 சோமனூர் தறிக்காரர்

எல்லோருக்கும் வணக்கம்ங்க. சோமனூர் பக்கம் கூலிக்கு நெசவு ஓட்டுகிறோம். பேங்கில் சி.சி. கணக்கு (தொழில் நடத்த வேண்டும்போது எடுத்துக் கட்டும் கடன்) இருக்கிறது. 2025 பிப்ரவரி, ஏப்ரல், ஜூன் என்று மூன்று தடவை ரிசர்வ் வங்கி ரிப்போ வட்டியைக் குறைத்து 6.50-இல் இருந்து 5.50-க்குக் கொண்டுவந்தது. எங்கள் கடன் வட்டியும் இறங்கியது. அப்பாவுடைய எஃப்.டி. வட்டியும் கூடவே இறங்கியது, அவருக்கு அதில் வருத்தம்.

எனக்குப் புரியாதது ஒன்றுதான். மே மாதக் கடைசியில் 6.2, 6.3 என்று இருந்த 10 வருட அரசு பாண்டு யீல்டு, அதாவது அரசின் கடன் பத்திரத்தை வாங்கினால் வருடத்துக்குக் கிடைக்கும் சதவீதம், ஆகஸ்டில் 6.5-ஐத் தாண்டிவிட்டது. நம் ஊர்க் கணக்கில் நூற்றுக்கு மாதம் அரை ரூபாய் வட்டிக்குக் கொஞ்சம் மேலே. ரிசர்வ் வங்கி ஒரு பக்கம் வட்டியைக் குறைக்கும்போது இது மட்டும் எப்படி ஏறுகிறது? நாட்டு நிலைமை மோசமாகிறது என்று அர்த்தமா? தெரிந்தவர்கள் பொறுமையாகச் சொல்லுங்க.

#2 பேரூர்வாசி

நல்ல கேள்வி தம்பி. வங்கியில் ட்ரெஷரி பிரிவில் (வங்கிப் பணத்தைப் பத்திரங்களில் போட்டு எடுக்கும் பிரிவு) இருந்து ஓய்வு பெற்றவன் நான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் இரண்டையும் பிரித்துப் பாருங்கள். ரிப்போ என்பது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி தரும் மிகக் குறுகிய காலக் கடனுக்கான வட்டி. 6 பேர் கொண்ட குழு உட்கார்ந்து முடிவு செய்கிறது. 10 வருட யீல்டை எந்தக் குழுவும் முடிவு செய்வதில்லை. வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் பேசி நிற்கும் விலையில் இருந்து அது தானாக வருகிறது.

அரசு 100 ரூபாய் முகமதிப்பில், வருடம் 7 சதவீத வட்டி தரும் 10 வருட பத்திரம் ஒன்றை வெளியிடுகிறது என்று வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மூன்றரை ரூபாய் வரும், கடைசியில் 100 ரூபாய் திரும்ப வரும். இந்தப் பணம் மாறவே மாறாது. அடுத்த வாரமே சந்தையில் 8 சதவீதம் கேட்க ஆரம்பித்துவிட்டால், உங்களிடம் உள்ள 7 சதவீதப் பத்திரத்தை 100 கொடுத்து யார் வாங்குவார்கள்? 93 ரூபாய் 20 பைசாவுக்குத்தான் போகும். அந்த விலைக்கு வாங்கினால்தான் அவருக்கு 8 சதவீதம் கட்டுபடியாகும். சந்தை 6-க்கு இறங்கினால் அதே பத்திரம் 107 ரூபாய் 44 பைசா. யீல்டு ஏறியது என்று பேப்பரில் வந்தால், பழைய பத்திரத்தின் விலை விழுந்தது என்று படியுங்கள்.

இதே கணக்கை 30 வருடப் பத்திரத்துக்குப் போட்டால், 8 சதவீதத்தில் விலை 88 ரூபாய் 69 பைசாவுக்குப் போய்விடும். காலம் நீள நீள அடி பலமாக விழும். அமெரிக்காவில் சிலிக்கான் வேலி வங்கி 2023 மார்ச்சில் கவிழ்ந்தது இதனால்தான். அவர்கள் வைத்திருந்ததில் பெரும்பகுதி அமெரிக்க அரசு பாண்டும் அரசு ஆதரவுள்ள வீட்டுக்கடன் பத்திரங்களும். நல்ல பத்திரங்கள்தான், வாராக்கடன் இல்லை. ஆனால் வட்டி தாழ்ந்திருந்த காலத்தில் வாங்கிய நீண்டகாலப் பத்திரங்கள். டெபாசிட் போட்டவர்கள் ஒரே நேரத்தில் பணம் கேட்டு வந்தபோது நஷ்டத்துக்கு விற்க வேண்டியதாயிற்று.

இப்போது உங்கள் கேள்வி. 10 வருடத்துக்குப் பணம் கொடுப்பவன் இன்றைய ரிப்போவை மட்டும் பார்ப்பதில்லை. அடுத்த பத்து வருடத்தில் ரிப்போ சராசரியாக எங்கே இருக்கும், விலைவாசி எவ்வளவு தின்னும், அரசு இன்னும் எத்தனை பத்திரத்தைச் சந்தையில் கொட்டும் என்று எல்லாவற்றையும் போட்டுப் பார்க்கிறான். 2025 ஜூன் 6 அன்று நடந்ததைக் கவனியுங்கள். ரிசர்வ் வங்கி ஒரே அடியாக அரை சதவீதம் குறைத்தது. வங்கிகள் டெபாசிட்டில் தன்னிடம் ரொக்கமாக வைக்க வேண்டிய பங்கான சி.ஆர்.ஆரையும் படிப்படியாக ஒரு சதவீதம் குறைப்பதாகச் சொன்னது. அதே மூச்சில் தன் நிலைப்பாட்டை ‘நடுநிலை’க்கு மாற்றியது. இனிமேல் குறைக்க அதிக இடமில்லை என்று சந்தை அதைப் புரிந்துகொண்டது. மேலும் குறையும் என்று நம்பி முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தவர்கள் விற்க ஆரம்பித்தார்கள். ஆகஸ்டில் ஜி.எஸ்.டி. குறைப்பு அறிவிப்பு வந்ததும், வருமானம் குறைந்தால் அரசு கூடுதலாகக் கடன் வாங்குமோ என்ற கவலையும் சேர்ந்தது. ஏற்றத்துக்கு இவைதான் முக்கியக் காரணம். நாடு கெட்டுப்போனதன் அடையாளம் இல்லை இது.

#3 காரமடை மாணவன்

ஐயா, நான் எம்.ஏ. பொருளாதாரம் படிக்கிறேன். யீல்டு தாழ்ந்திருந்தால் பலமான பொருளாதாரம், உயர்ந்திருந்தால் பலவீனம் என்றுதானே பொதுவாகச் சொல்கிறார்கள்? அதோடு யீல்டு கர்வ் (குறுகிய காலம் முதல் நீண்ட காலம் வரை உள்ள யீல்டுகளை வரிசையாகக் காட்டும் கோடு) தலைகீழானால் மந்தநிலை வரும் என்று பாடத்தில் படித்தோம். இந்தியாவுக்கும் அதே விதியைப் பொருத்திப் பார்க்கலாமா?

#4 ஈரோடு மண்டி

யீல்டு உயர்ந்தால் பலவீனம் என்பதற்கு நான் பக்கத்திலேயே பார்த்த உதாரணம் இலங்கை. மஞ்சள் வியாபாரம் எங்களுடையது. 2020 வாக்கில் இலங்கை மஞ்சள் இறக்குமதியை நிறுத்தியபோது உள்ளூர் விவசாயியைக் காப்பாற்றத்தான் என்று சொன்னார்கள். அப்புறம் ஒவ்வொரு பொருளாக இறக்குமதித் தடை நீண்டபோதுதான் அங்கே டாலர் இருப்பு கரைகிறது என்று எங்களுக்கு உறைத்தது. 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்துவதாக அறிவித்தார்கள். அந்த வருடக் கடைசியில் மூன்று மாத ட்ரெஷரி பில்லுக்கு 30 சதவீதத்துக்கு மேல் கொடுத்தார்கள். ஒரு நாட்டு அரசு, தன் சொந்த ரூபாயில், மூன்றே மாதக் கடனுக்கு!

நம் ஊரில் கைமாத்துக் கொடுப்பவர் ஆளைப் பார்த்துத்தான் வட்டி சொல்வார். தோட்டம், வீடு உள்ளவருக்கு ஒரு ரூபாய் வட்டி, கடை வாடகையே பாக்கி வைத்திருப்பவருக்கு மூன்று ரூபாய் வட்டி. நாடுகளுக்கும் அதே கதைதான். பெருந்துறைப் பக்கம் ஈமு கோழியில் பணம் போட்டு 2012-இல் இழந்த குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன. யாராவது அதிகமாகத் தருகிறேன் என்றால், ஏன் அவனுக்குக் குறைந்த வட்டியில் கிடைக்கவில்லை என்று கேட்க நாங்கள் அப்போதுதான் கற்றுக்கொண்டோம்.

#5 பேரூர்வாசி

ஈரோட்டு அண்ணன் சொன்ன கேள்விதான் மையம். எவ்வளவு என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், எதற்காக அவ்வளவு என்று கேட்க வேண்டும். மாணவத் தம்பிக்கு இதை இரண்டு நாடுகளை வைத்துச் சொல்கிறேன்.

ஜப்பானின் அரசுக் கடன் அந்த நாட்டு உற்பத்தியைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். அப்படியிருந்தும் 2016-இல் அதன் 10 வருட யீல்டு பூஜ்யத்துக்கும் கீழே போனது. பலமான வளர்ச்சியா? இல்லை. விலைவாசியே ஏறாத, முதலீட்டுக்குக் கடன் கேட்க ஆள் இல்லாத பொருளாதாரம். அதோடு மத்திய வங்கியே பத்திரங்களை வாங்கிக் குவித்து, 2016 செப்டம்பர் முதல் 2024 மார்ச் வரை 10 வருட யீல்டைப் பூஜ்யத்தை ஒட்டிப் பிடித்து வைத்திருந்தது. கிரீஸ் கடன் அளவில் ஜப்பானைவிடக் குறைவு. ஆனால் கடன் இருந்தது யூரோவில், அதை அச்சடிக்கும் அதிகாரம் ஏதென்ஸில் இல்லை. 2012 தொடக்கத்தில் அதன் 10 வருட யீல்டு 30 சதவீதத்தைத் தாண்டியது, மார்ச்சில் பத்திரம் வைத்திருந்தவர்கள் பெரும் தொகையை விட்டுக்கொடுக்க வேண்டி வந்தது. ஆக, கடன் எவ்வளவு என்பதைப்போலவே எந்த நாணயத்தில், யாரிடம் வாங்கியது என்பதும் யீல்டுக்குள் இருக்கிறது.

பிரிட்டன் கதை இன்னும் சுருக்கம். 2022 செப்டம்பர் 23 அன்று லிஸ் டிரஸ் அரசு, பணம் எங்கிருந்து வரும் என்று சொல்லாமல் பெரிய வரிச்சலுகை அறிவித்தது. சில நாட்களில் 30 வருட பாண்டு யீல்டு 5 சதவீதத்தைத் தாண்டியது, ஓய்வூதிய நிதிகள் தடுமாறின, பேங்க் ஆஃப் இங்கிலாந்து இறங்கி வாங்க வேண்டியதாயிற்று. அடுத்த மாதமே பிரதமர் ராஜினாமா அறிவித்தார். பிரிட்டன் ஏழை நாடு இல்லை. ஒரு நிதித் திட்டத்தைச் சந்தை நம்பவில்லை, அதை யீல்டு வழியாகச் சொன்னது.

#6 காரமடை மாணவன்

புரிகிறது ஐயா. கர்வ் பற்றிச் சொல்லவில்லையே? அமெரிக்காவில் 2 வருட யீல்டு 10 வருடத்தை மிஞ்சினால் அடுத்து மந்தநிலை என்பது 2001-க்கு முன்பும் 2008-க்கு முன்பும் பலித்திருக்கிறது.

#7 பேரூர்வாசி

பலித்தது. ஆனால் 2022 ஜூலையில் தலைகீழானது 2024 செப்டம்பர் வரை அப்படியே நின்றது. அந்தக் காலம் முழுக்க மந்தநிலை வரும் வரும் என்றார்கள், வேலைவாய்ப்பு தொடர்ந்து கூடிக்கொண்டுதான் இருந்தது. கர்வ் தலைகீழாவது, வட்டி இனிமேல் இறங்கும் என்று சந்தை எதிர்பார்ப்பதன் வெளிப்பாடு. வட்டி இறங்குவதற்கு மந்தநிலை ஒரு காரணம். விலைவாசி அடங்குவதும் இன்னொரு காரணம்.

இந்தியாவில் இன்னொரு முக்கியமான விஷயம் இருக்கிறது. இதைப் பலர் சொல்லாமல் விடுகிறார்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு. நம் வங்கிகள் தங்கள் டெபாசிட்டில் 18 சதவீதத்தை எஸ்.எல்.ஆர். என்ற பெயரில் பெரும்பாலும் அரசுப் பத்திரங்களில் வைத்தே ஆக வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் இது 38.5 சதவீதம். நாங்கள் வேலை பார்த்த காலத்தில் யீல்டு பிடிக்கிறதோ இல்லையோ வாங்கித்தான் ஆக வேண்டும். எல்.ஐ.சி.யும் வருங்கால வைப்பு நிதியும் இதேபோல நிரந்தரமாக வாங்குகிறவர்கள். வெளிநாட்டவர் கையில் இருப்பது மொத்தத்தில் சில சதவீதம்தான். வெளிநாட்டு முதலீட்டாளர்கள் பின்பற்றும் ஜேபி மார்கன் பாண்டு குறியீட்டில் 2024 ஜூன் 28 முதல் நம் பத்திரங்கள் சேர்ந்த பிறகும் அந்த அளவு பெரிதாக மாறிவிடவில்லை. இப்படி வாங்கியே ஆக வேண்டிய கூட்டம் பெரிதாக இருப்பதால், நம் யீல்டு அமெரிக்க யீல்டு அளவுக்கு மனம் திறந்து பேசாது. அதனால்தான் அங்கே உள்ள விதியை அப்படியே இங்கே பொருத்தக் கூடாது என்கிறேன்.

அப்படியென்றால் எதைப் பார்ப்பது? நான் ரிப்போவுக்கும் 10 வருடத்துக்கும் உள்ள இடைவெளியைப் பார்ப்பேன். 2022 ஏப்ரலில் ரிப்போ 4 சதவீதத்தில்தான் இருந்தது, 10 வருட யீல்டு அப்போதே 7-ஐத் தாண்டிவிட்டது. மூன்று சதவீத இடைவெளி! விலைவாசி ஏறிவிட்டது, ரிசர்வ் வங்கி சீக்கிரம் வட்டியை ஏற்றியே தீரும் என்று சந்தை சொல்லிக்கொண்டிருந்தது. மே 4 அன்று முன்னறிவிப்பில்லாத கூட்டத்தில் ரிப்போவை 4.40 ஆக்கினார்கள், 2023 பிப்ரவரிக்குள் 6.50. அந்த உச்சத்தில் 10 வருட யீல்டு 7-ஐ ஒட்டித்தான் நின்றது. இடைவெளி ஒரு சதவீதத்துக்கும் கீழே சுருங்கியது, இதற்கு மேல் ஏறாது என்பது அதன் பொருள். 2025 ஆகஸ்டில் 5.50-க்கும் ஆறரைக்கும் நடுவே சுமார் ஒரு சதவீதம்.

இன்னொன்று, விலைவாசியைக் கழித்துப் பார்ப்பது. 2025 ஜூலையில் சில்லறைப் பணவீக்கம் 2 சதவீதத்துக்கும் கீழே இருந்தது. ஆறரையில் அதைக் கழித்தால் கைக்கு நிற்பது நாலரைக்கு மேல். இது அதிகம். பணவீக்கம் இப்படியே தாழ்ந்திருக்காது, ரிசர்வ் வங்கியின் இலக்கான 4-க்குத் திரும்பும் என்று சந்தை நினைக்கிறது என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

#8 திருப்பூர் அக்கவுண்ட்ஸ்

பேரூர் ஐயா சொன்னதில் எங்கள் தொழிலைத் தொடும் இடத்தைச் சேர்க்கிறேன். பனியன் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கணக்கு பார்க்கிறேன். அமெரிக்க யீல்டு எங்கேயோ நியூயார்க்கில் நடக்கும் விஷயம் என்று எங்களால் விட முடியாது.

பையர் பணம் மூன்று, நான்கு மாதம் கழித்து வரும். அதற்குள் டாலர் இறங்கிவிட்டால் நஷ்டம் என்று பேங்கில் ஃபார்வர்டு புக் செய்வோம், அதாவது பின்னால் வரும் டாலருக்கு இன்றே விலை பேசி வைப்போம். இன்றைய டாலர் விலைக்கு மேல் கொஞ்சம் பிரீமியம் சேர்த்துத் தருவார்கள். அந்தப் பிரீமியம் பெரும்பாலும் இந்திய வட்டிக்கும் அமெரிக்க வட்டிக்கும் உள்ள வித்தியாசம்தான். ஒரு காலத்தில் ஒரு வருடத்துக்கு நாலு, அஞ்சு சதவீதம் கிடைத்தது. சின்ன மார்ஜினில் ஆர்டர் எடுக்கும் எங்களுக்கு அது பெரிய தாங்கல். 2020 ஆகஸ்டில் அரை சதவீதமாக இருந்த அமெரிக்க 10 வருட யீல்டு 2023 அக்டோபரில் 5 சதவீதத்தைத் தொட்டது. அவர்களுடைய குறுகிய கால வட்டியும் 5-ஐத் தாண்டியது, எங்கள் பிரீமியம் 2 சதவீதத்துக்கும் கீழே சுருங்கியது. தைத்த பீஸ் அதே, விலையும் அதே. அந்த 2, 3 சதவீதம் மட்டும் காணாமல் போனது.

2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50 சதவீத வரி போட்ட பிறகு இங்கே எல்லோரும் வரியைப் பற்றியே பேசினார்கள், நியாயம்தான். ஆனால் காஸ்டிங் ஷீட் போடும்போது நான் அமெரிக்க யீல்டையும் ஒரு ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்கிறேன்.

#9 சோமனூர் தறிக்காரர்

அருமைங்க. எனக்கு இப்போது வேறு ஒன்று தோன்றுகிறது. என் சி.சி. வட்டி ரிப்போவோடு கட்டியிருக்கிறது. அப்போது 10 வருட யீல்டு ஏறினால் எனக்கு நேரடியாகப் பாதிப்பு இல்லைதானே?

#10 பேரூர்வாசி

சி.சி.க்கு நேரடியாக இல்லை. 2019 அக்டோபரில் இருந்து குறு, சிறு தொழில்களுக்கான ஃப்ளோட்டிங் (மாறும் வட்டி) கடன்களை ரிப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைக்கச் சொன்னதால் பெரும்பாலான வங்கிகள் ரிப்போவை எடுத்துக்கொண்டன. ஆனால் நிரந்தர வட்டியில் மெஷின் கடன், வண்டிக் கடன் வாங்கினால் அதன் பின்னால் நீண்டகால யீல்டு இருக்கும். ஃபைனான்ஸ் கம்பெனிகள் பணம் திரட்டுவது பாண்டு சந்தையில், அரசு யீல்டுக்கு மேல் இவ்வளவு என்று கூட்டித்தான் அவர்களுக்கு வட்டி. அது ஏறினால் அவர்கள் உங்கள் மேல் ஏற்றுவார்கள்.

அப்புறம் அரசாங்கச் செலவு. சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை 1947 நவம்பர் 26 அன்று வாசித்தவர் நம் கோவை ஆர்.கே. சண்முகம் செட்டியார். பின்னால் பொள்ளாச்சிப் பக்கத்து சி. சுப்பிரமணியமும் நிதியமைச்சராக இருந்தார். அவர்கள் காலத்தில் இருந்து இன்றுவரை யார் வந்தாலும் வட்டிக் கணக்கைத் தாண்டித்தான் மற்றதைப் பேச முடியும். 2025-26 பட்ஜெட்டில் மொத்தச் செலவு 50.65 லட்சம் கோடி, அதில் வட்டி மட்டும் 12.76 லட்சம் கோடி. ஏறக்குறைய கால் பங்கு. அந்த வருடம் சந்தையில் வாங்கத் திட்டமிட்ட கடன் 14.82 லட்சம் கோடி. யீல்டு அரை சதவீதம் கூடினால் அந்த ஒரு வருடக் கடனுக்கே ஆண்டுக்குச் சுமார் 7,400 கோடி கூடுதல் வட்டி. பத்திரம் முதிரும்வரை ஒவ்வொரு வருடமும் கட்ட வேண்டும். விசைத்தறிக்கு மானியம் கேட்டு நாம் மனு கொடுக்கும்போது அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருக்கும் கணக்கு இது.

#11 கோபி டீச்சர்

இவ்வளவு பேசுகிறோம், வாங்கிப் பார்த்தவர்கள் யாரும் எழுதவில்லையே என்று எழுதுகிறேன். ரிசர்வ் வங்கி 2021 நவம்பர் 12 அன்று தொடங்கிய ரீடெய்ல் டைரக்டில் (தனிநபர்கள் நேரடியாக அரசுப் பத்திரம் வாங்கும் இணையதளம்) கணக்கு வைத்திருக்கிறேன். பான், ஆதார், சேமிப்புக் கணக்கு போதும். கட்டணம் கிடையாது. குறைந்தது 10,000 ரூபாய்.

வெள்ளிக்கிழமை ஏலம். நாம் விலை சொல்ல வேண்டியதில்லை, எத்தனை ரூபாய்க்கு வேண்டும் என்று மட்டும் போட்டால் பெரிய வங்கிகள் கேட்ட விலையின் சராசரியில் நமக்குக் கிடைக்கும். பணம் கட்டும்போது கொஞ்சம் கூடுதலாகப் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பி அனுப்புகிறார்கள். ஆகஸ்டில் 6.33 சதவீத 2035 பத்திரம் ஒரு லட்சம் முகமதிப்புக்கு வாங்கினேன். நூறு ரூபாய் பத்திரம் 98 ரூபாய் சொச்சத்துக்கு வந்தது. மே 5, நவம்பர் 5 தேதிகளில் தலா 3,165 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். டி.டி.எஸ். பிடிப்பதில்லை, ஆனால் வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டும்.

புதன்கிழமை ட்ரெஷரி பில் ஏலம். 91 நாள் பில் 98 ரூபாய் 60 பைசாவுக்குக் கிடைத்தால், மூன்று மாதத்தில் 100 ரூபாய். ஆண்டுக்கு 5.7 சதவீதம் என்று கணக்காகும்.

குறையையும் சொல்ல வேண்டும். நடுவில் விற்பது சிரமம். சின்னத் தொகைக்கு வாங்க ஆள் குறைவு, கிடைத்தாலும் விலை அடித்துக் கேட்கிறார்கள். முதிரும்வரை வைத்திருக்கும் பணத்தைத்தான் நான் இதில் போடுகிறேன். தறிக்காரத் தம்பியின் அப்பாவுக்கு 60 தாண்டியிருந்தால், முதலில் தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம். 2025-இல் 8.2 சதவீதம் தந்தார்கள், 30 லட்சம் வரை போடலாம். அதுவும் அரசு உத்தரவாதம்தான். அதற்கு மேல் இருந்தால் பாண்டு பார்க்கலாம்.

#12 ஈரோடு மண்டி

டீச்சர் அக்கா, தமிழ்நாடு அரசு பாண்டும் அதிலேயே கிடைக்கிறதாமே? மத்திய அரசைவிட வட்டி கூட என்கிறார்கள். வாங்கலாமா, இல்லை அதிலும் ‘ஏன் கூட’ என்று யோசிக்க வேண்டுமா?

#13 பேரூர்வாசி

டீச்சருக்கு முன்னால் நான் சொல்லிவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை ஏலம், ரீடெய்ல் டைரக்டிலேயே வாங்கலாம். பொதுவாக மத்திய அரசு பத்திரத்தைவிடக் கால் முதல் அரை சதவீதம் கூடுதல், சில சமயம் இன்னும் விரியும். கொடுத்த கடன் திரும்பி வராது என்ற பயத்துக்கான பங்கு அதில் மிகக் குறைவு. விற்பனைக்கு வரும் அளவு அதிகம், கைமாறும் அளவு குறைவு என்பதற்கான விலையே பெரும்பகுதி.

நிதி நிலைமை நன்றாக உள்ள மாநிலமும் திணறும் மாநிலமும் ஒரே செவ்வாய்க்கிழமை கிட்டத்தட்ட ஒரே யீல்டில் கடன் வாங்குகின்றன. எப்படியும் டெல்லியும் ரிசர்வ் வங்கியும் கைவிடாது என்று சந்தை நம்புவதால் இந்த நிலை. அதனால் ஒரு மாநிலத்தின் நிதி நிலையைத் தெரிந்துகொள்ள யீல்டைப் பார்த்துப் பயனில்லை, அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சி.ஏ.ஜி.யின் அறிக்கையைப் படிக்க வேண்டும். உங்கள் பணத்தைப் பொறுத்தவரை, பத்து வருடம் தொடாமல் இருக்க முடியுமென்றால் தாராளமாக வாங்குங்கள் அண்ணா. மஞ்சள் வாங்க சீசனில் தேவைப்படும் பணம் என்றால் டீச்சர் சொன்ன 91 நாள் பில்லோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

#14 ஈரோடு மண்டி

சீசன் பணம்தாங்க. அப்போது புதன்கிழமை பில்தான். கணக்கு தொடங்கிவிட்டு எழுதுகிறேன்.